கைவிட்டது யார்? கோலார் மண்ணும் கழிவின் அரசியலும்

2012 நவம்பரில் கூடங்குளம் அணுமின் நிலையம் தொடர்பான வழக்கு உச்ச நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருந்தது. பூவுலகின் நண்பர்கள் அமைப்பைச் சேர்ந்த கோ. சுந்தர்ராஜன் தொடுத்த வழக்கு அது. உலையில் எரிந்து தீர்ந்த எரிபொருளை இறுதியில் எங்கே கொண்டுபோய் வைப்பீர்கள் என்ற கேள்விக்கு அரசுத் தரப்பு அளித்த விடையில் கோலாரின் பெயர் இடம்பெற்றது. அங்கே கைவிடப்பட்ட தங்கச் சுரங்கம் இருக்கிறது, மிக ஆழமானது, அதில் வைக்கலாம் என்ற பொருளில் செய்தி பரவியது. சில நாட்களுக்குள் கோலார் மாவட்டம் கொந்தளித்தது. விவசாயிகள் அமைப்புகளும் கன்னட அமைப்புகளும் சுரங்கத்தின் முன்னாள் தொழிலாளர்களும் ஒருசேர வீதிக்கு வந்தனர். ஆர்ப்பாட்டங்களும் கடையடைப்பும் நடந்தன. உடனே அணுசக்தித் துறை பின்வாங்கியது. கோலாரில் கழிவைப் புதைக்கும் திட்டம் எதுவும் இல்லை என்றும், 1980களில் அந்தச் சுரங்கத்தில் பாறையின் தன்மையை அறிய ஓர் ஆய்வு நடந்தது, அவ்வளவே என்றும் விளக்கம் வந்தது.

விளக்கத்தை ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் அன்று வழக்காடலிலும் நாளேடுகளிலும் புழங்கிய ஒரு சொற்றொடரை அப்படியே விட்டுவிட முடியாது. ‘கைவிடப்பட்ட சுரங்கம்’ என்ற சொற்றொடர். நம் இலக்கணம் இதைச் செயப்பாட்டுவினை என்கிறது. செய்தவனைச் சொல்லாமலே செயலைச் சொல்லிவிடும் வசதி அதற்கு உண்டு. நிலம் கையகப்படுத்தப்பட்டது, தொழிலாளர்கள் ஆட்குறைப்புச் செய்யப்பட்டனர், துப்பாக்கிச்சூடு நடத்தப்பட்டது: ஆட்சியாளர்களின் உரைநடை இந்த வினையின் தோள்மீது ஏறித்தான் நடக்கிறது. அரசின் அறிக்கைகளை ஆங்கிலத்திலிருந்து பெயர்த்துப் பெயர்த்து இத்தந்திரம் எனக்குப் பழகிப்போய்விட்டது. ஒவ்வொரு முறையும் ஓடி ஒளிந்த எழுவாயைத் தேடிப் பிடித்து வாக்கியத்தின் தலைமாட்டில் உட்கார வைக்க வேண்டியிருக்கிறது. இங்கும் அதைச் செய்தாக வேண்டும். கோலாரைக் கைவிட்டது யார்?

ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற லண்டன் நிறுவனம் 1880இல் இங்கே கால்வைத்தது. அடுத்த 120 ஆண்டுகளில் 800 டன்னுக்கும் மேலான தங்கம் இந்த மண்ணிலிருந்து வெளியேறியது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. 1902இல் காவிரியின் சிவசமுத்திரத்தில் பிறந்த மின்சாரம் பெங்களூருவின் வீதிகளுக்கு முன்பே இந்தச் சுரங்கங்களுக்கு வந்து சேர்ந்தது. பாலாற்றின் நீரும் பேத்தமங்கலத்திலிருந்து இங்கே கொண்டுவரப்பட்டது. கீழே இறங்கியவர்கள் யார்? வடஆற்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் சேலம் பக்கத்திலிருந்தும் வந்த தமிழர்கள். பெரும்பாலோர் தலித் மக்கள். சொந்த நிலம் இல்லாமல் பிறர் வயலில் கூலிக்கு உழைத்தவர்கள். சுரங்கத் தொழிலாளி வேறு, விவசாயி வேறு என்று இன்று பேசுகிறவர்கள் இந்த வரலாற்றை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும். ஏர்க்காலைப் பிடித்த கைதான் துளைப்பான் எந்திரத்தையும் பிடித்தது. மூங்கில் தட்டி வீடுகளில் குடும்பம் நடத்தி, பாறை வெடிப்பில் சிலரையும் சிலிக்கோசிஸ் என்னும் நுரையீரல் நோயில் பலரையும் பறிகொடுத்து, அந்த மக்கள் ஏகாதிபத்தியத்தின் கருவூலத்தை நிரப்பினர். தங்களைக் குற்றவாளிகளைப் போலக் கருதிக் கைரேகை எடுக்கும் முறைக்கு எதிராக 1930இல் வேலைநிறுத்தம் செய்தார்கள். 1946 நவம்பர் 4 அன்று காவல்துறையின் துப்பாக்கிக் குண்டுகளுக்கு உயிர்களைத் தந்தார்கள். செங்கொடி இயக்கத்துக்குத் தங்கவயல் தந்தது கொஞ்சமல்ல.

நாடு விடுதலை பெற்ற பின் 1956இல் மைசூர் அரசு சுரங்கங்களை ஏற்றது. 1962இல் அவை ஒன்றிய அரசிடம் போயின. 1972இல் பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் உருவானது. இலாபமில்லை என்ற காரணம் சொல்லி 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கத்தை மூடினார்கள். மூடியது ஒன்றிய அரசு. கைவிட்டதும் அதுவே. எழுவாய் கிடைத்துவிட்டது. அன்றுமுதல் தங்கவயலின் உழைப்பாளிகள் விடியுமுன் மாரிக்குப்பத்திலிருந்து புறப்படும் ரயிலில் தொங்கிக்கொண்டு பெங்களூருவுக்கு வேலை தேடிப் போய், இரவு திரும்பி வருகிறார்கள். ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழும் நகரம் அது. சுற்றிலும் கேழ்வரகும் தக்காளியும் மல்பெரியும் விளையும் கிராமங்கள். இந்த மக்கள் தங்கள் ஊரைக் கைவிட்டதே இல்லை.

தங்கம் போனது; எச்சம் நின்றது. தங்கத்தைச் சயனைடு கொண்டு பிரித்தெடுத்த பின் மிஞ்சிய தூள் 13 மேடுகளாக, ஆயிரம் ஏக்கருக்குச் சற்றுக் கூடுதலான பரப்பில் குவிந்து கிடக்கிறது. அதன் அளவு சுமார் 3.3 கோடி டன். காற்றுக் காலத்தில் அந்தத் தூள் எழுந்து வீடுகளுக்குள்ளும் வயல்களுக்குள்ளும் புகுகிறது. மழைக் காலத்தில் கரைந்து ஓடைகளில் இறங்குகிறது. கோல்டு ஃபீல்டு என்பதைத் ‘தங்கவயல்’ என்று தமிழாக்கிய முன்னோர் யாரோ தெரியாது. ஆனால் நல்ல காதுள்ளவர். வயல் என்ற சொல் வந்ததும் நீரும் நாற்றும் வரப்பும் கண்முன் வந்துவிடுகின்றன. பிரிட்டிஷ் கம்பெனி அந்த வயலில் அறுவடை மட்டுமே செய்தது. விதைத்தது சயனைடு.

இந்தப் பின்னணியோடு அணுக்கழிவுப் பேச்சுக்கு வருவோம். ஆழ்நிலக் கழிவுக் கிடங்கை ஆங்கிலத்தில் ‘ரெபாசிட்டரி’ என்கிறார்கள். அதைத் தமிழில் ‘களஞ்சியம்’ என்று எழுதும் வழக்கமும் தலைகாட்டுகிறது. தயவுசெய்து வேண்டாம். களஞ்சியம் நெல் சேரும் இடம். அடுத்த விதைப்புக்கு எடுக்கும் இடம். பல்லாயிரம் ஆண்டுகளுக்கு எவரும் தொடக்கூடாத நஞ்சை வைக்கும் குழிக்கு அந்தப் பெயரைச் சூட்டினால், சொல்லே மக்களை ஏமாற்றத் தொடங்கிவிடும்.

பழைய சுரங்கத்தில் கழிவை வைப்பதில் என்ன தவறு என்று கேட்போருக்கு ஜெர்மனியில் விடை இருக்கிறது. கீழ் சாக்சனி மாநிலத்தில் ஆஸ்ஸே என்ற பொட்டாஷ், உப்புச் சுரங்கம் 1964இல் மூடப்பட்டது. மறுஆண்டே அரசு அதை வாங்கியது. ஆய்வு என்ற பெயரில் 1967 முதல் 1978 வரை ஏறத்தாழ 1,26,000 கலன்களில் குறைந்த, நடுத்தரக் கதிரியக்கமுள்ள கழிவை அதனுள் இறக்கினார்கள். உப்புப் பாறையில் தண்ணீர் புகாது என்று அறிஞர்கள் உறுதி சொன்னார்கள். தண்ணீர் புகுந்தது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 12 கனமீட்டர் உவர்நீர் உள்ளே கசிகிறது. இறக்கியதையெல்லாம் மீண்டும் மேலே எடுக்க வேண்டும் என்று 2013இல் தனிச் சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. எடுத்து முடிக்கப் பல பத்தாண்டுகள் ஆகும். உலகின் முன்னணித் தொழில்நுட்ப நாடு ஒன்றின் அனுபவம் இது. அதே மாநிலத்தில் கோர்லேபன் என்ற ஊரை உயர் கதிரியக்கக் கழிவுக்கு 1977இல் தேர்ந்தெடுத்தபோது, அப்பகுதி விவசாயிகள் டிராக்டர்களோடு 1979 மார்ச்சில் தலைநகர் ஹனோவருக்கு ஊர்வலம் போனார்கள். பல பத்தாண்டுகள் விடாமல் போராடினார்கள். 2020இல்தான் கோர்லேபன் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. அந்த மண்ணின் அமைப்பு பொருந்தாது என்று அதிகாரபூர்வமாகவே ஒப்புக்கொண்டார்கள். விவசாயி முதல்நாளே சொன்னதை ஒப்புக்கொள்ள அரசுக்கு 43 ஆண்டுகள் தேவைப்பட்டன.

கோலார் சுரங்கத்தின் நிலை என்ன? 2001இல் நீர் இறைக்கும் எந்திரங்களை நிறுத்திய பிறகு அதன் வயிற்றில் தண்ணீர் நிரம்பிக் கிடக்கிறது. ஒரு நூற்றாண்டு வெடிவைத்துக் குடைந்த பாறை அது. பாறை வெடிப்புகளுக்குப் பேர்போனது. 1980களில் ஏறத்தாழ 1000 மீட்டர் ஆழத்தில் ஓர் அறை அமைத்து, சூடேற்றும் கருவிகளை வைத்து, கழிவின் வெப்பத்தைப் பாறை எப்படித் தாங்கும் என்று ஆண்டுக்கணக்கில் அளந்தார்கள். அறிவியலுக்கு நாம் எதிரிகள் அல்லர். 1965இல் இதே சுரங்கத்தின் ஆழத்தில்தான் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தாரும் ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து வளிமண்டல நியூட்ரினோவைக் கண்டறிந்தார்கள். அந்தக் கருவிகளைச் சுமந்து கீழே இறங்கியவர்களும் நம் தொழிலாளர்கள்தாம். நம் கேள்வி எளிமையானது: மேலே உழுதுகொண்டிருக்கும் மக்களிடம் ஒரு வார்த்தை கேட்டார்களா? 1962ஆம் ஆண்டு அணுசக்திச் சட்டத்தின் 18ஆவது பிரிவு தகவலை மறைக்கும் அதிகாரத்தை அரசுக்கு அளித்தது. மக்கள் தங்கள் காலுக்குக் கீழே என்ன நடந்தது என்பதை 2012இல் மறுப்பறிக்கையின் வழியாக அறிந்துகொள்கிறார்கள்.

இனி இன்னொரு பக்கம். இதைச் சொல்லாமல் போனால் நாமும் பொய்க்கு உடந்தையாவோம். கோலார் விவசாயி இன்றைக்கே கதிரியக்கத் தனிமம் கலந்த நீரைத்தான் குடிக்கிறான். தன் நிலத்துக்கும் அதைத்தான் பாய்ச்சுகிறான். அந்த யுரேனியத்துக்கும் எந்த அணு உலைக்கும் தொடர்பில்லை. அது பாறையிலிருந்து வருகிறது.

கர்நாடகத்தின் கிழக்குப் பகுதியில் 73 கிராமங்களின் நிலத்தடி நீரை ஆராய்ந்த முடிவுகளை, பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் திவேச்சா பருவநிலை மாற்ற மைய ஆய்வாளர் உள்ளிட்ட குழு 2021இல் கரண்ட் சயின்ஸ் இதழில் வெளியிட்டது. லிட்டருக்கு 30 மைக்ரோகிராம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. நம் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியமோ 60 வரை போகலாம் என்கிறது. 57 கிராமங்களின் நீர் முதல் வரம்பைத் தாண்டியது. 48 கிராமங்களின் நீர் இரண்டாவது வரம்பையும் தாண்டியது. கோலார், சிக்கபள்ளாப்பூர் மாவட்டங்களின் சில கிராமங்களில் அளவு 1000ஐயும் கடந்தது. நீரில் கரைந்த யுரேனியம் கதிரியக்கத்தால் செய்யும் தீங்கைவிட நச்சு உலோகமாகச் செய்யும் தீங்கே பெரிது; அது சிறுநீரகத்தைத் தாக்கும். ஏற்கெனவே ஃபுளோரைடு இந்த மாவட்டத்து மக்களின் பற்களையும் எலும்புகளையும் அரித்துக்கொண்டிருக்கிறது.

அறிக்கை வந்ததும் அதிகார வட்டாரம் கண்டுபிடித்த சொல் ‘ஜியோஜெனிக்’. இயற்கையாகப் பாறையிலிருந்து வருவது என்று பொருள். அறிவியல் சொல் என்ற அளவில் அதில் பிழையில்லை. பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் சொல்லாக அது மாறும்போதுதான் நாம் குறுக்கிட வேண்டும். யுரேனியத்தைக் கிரானைட் பாறைக்குள் வைத்தது இயற்கை என்பது சரி. ஆயிரம் அடி, ஆயிரத்து ஐந்நூறு அடி ஆழத்தில் கிடந்த நீரை விவசாயியின் செம்புக்குக் கொண்டுவந்தது எது?

கோலார் மாவட்டத்தில் வற்றாத நதி கிடையாது. அந்தக் குறையை நம் முன்னோர் ஏரிகளால் ஈடுகட்டினார்கள். ஒன்று நிறைந்து அடுத்ததற்கு வழியும்படி சங்கிலியாகக் கோத்த ஆயிரக்கணக்கான ஏரிகள் அங்கே இருக்கின்றன. மழைநீர் ஏரியில் தங்கியது. அங்கிருந்து இருபது, முப்பது அடி ஆழத் திறந்த கிணறுகளில் ஊறியது. கவலையும் ஏற்றமும் இறைத்த நீர் அது. பிறகு ஏரிகளின் வரத்துக்கால்கள் அடைபட்டன, ஆக்கிரமிக்கப்பட்டன. (இங்கும் செயப்பாட்டுவினைதான், ஆக்கிரமித்தவர் பெயர் ஊருக்குத் தெரியும், ஏட்டில் ஏறாது.) சமூகக் காடு என்ற பெயரில் தைல மரங்கள் வந்தன. சந்தை தக்காளியையும் பட்டுப்புழுவுக்கான மல்பெரியையும் கேட்டது. கோலார் தக்காளிச் சந்தை ஆசியாவின் பெரிய சந்தைகளில் ஒன்று என்று பெருமையோடு சொல்கிறார்கள். அந்தத் தக்காளி எந்த நீரில் பழுத்தது என்று எவரும் கேட்பதில்லை. அரசு பாசனத்திலிருந்து விலகியது. விவசாயி கடன் வாங்கித் துளைபோட்டான். முதல் துளை வறண்டது, இரண்டாவதற்குக் கடன், மூன்றாவதற்கு நகை. ஆழம் கூடக்கூட, பல காலம் பாறையோடு உறவாடிய பழைய நீர் மேலே வந்தது. மழை கலந்து நீர்க்கச் செய்யும் வாய்ப்பும் குறைந்தது. துளைபோடும் லாரிக்காரனும் வட்டிக்காரனும் விதைக் கம்பெனியும் மண்டித் தரகனும் இந்த ஆழத்தில் பங்கு பெற்றார்கள். யுரேனியத்தின் பங்கு விவசாயக் குடும்பத்தின் சிறுநீரகத்துக்கு. ஆக, பாறை இயற்கை, ஆழம் அரசியல்.

அரசு தந்த தீர்வு என்ன? ஊருக்கு ஊர் சுத்த குடிநீர் நிலையம். நாணயம் போட்டால் குடத்துக்கு நீர் வரும். எதிர் சவ்வூடுபரவல் முறை யுரேனியத்தைப் பெருமளவு நீக்கும், உண்மை. ஆனால் எந்திரம் பழுதானால் மாதக்கணக்கில் பூட்டுத்தான். வடித்து ஒதுக்கிய கழிவுநீர் சாக்கடை வழியாக அதே மண்ணுக்குத் திரும்புகிறது. காசில்லாத வீடு பழைய குழாயடியிலேயே குடிக்கிறது. மாடு எந்த நாணயத்தைப் போடும்? ஆற்றுநீர் வேண்டும் என்று கேட்ட கோலார், சிக்கபள்ளாப்பூர் விவசாயிகள் சாஸ்வத நீராவரி ஹோராட்ட சமிதி என்ற அமைப்பின் கீழ் ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். 2016இல் டிராக்டர்களோடு பெங்களூருவை நோக்கிப் புறப்பட்டார்கள். தடியடிதான் எதிர்கொண்டது. 2018இல் அரசு ஒரு நீரைத் தந்தது: பெங்களூரு மாநகரின் சாக்கடை, இரண்டாம் நிலை வரை மட்டும் சுத்திகரித்து, கோரமங்கலா–சல்லகட்டா பள்ளத்தாக்குத் திட்டத்தின் கீழ் நாளொன்றுக்கு 44 கோடி லிட்டர், கோலாரின் 126 ஏரிகளுக்கு. முதல் ஏரியான லட்சுமிசாகரத்தில் ஒரு மாதத்துக்குள்ளேயே நுரை பொங்கியது. உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. பிறகு நீர் மீண்டும் ஓடியது. மூன்றாம் நிலைச் சுத்திகரிப்பு வேண்டும் என்ற கோரிக்கை அப்படியே நிற்கிறது. நிலத்தடி நீர்மட்டம் ஏறியதால் பயனடைந்த விவசாயிகளும் இருக்கிறார்கள். அதை மறைக்கத் தேவையில்லை. தாகத்தால் தவிப்பவனிடம் சாக்கடையை நீட்டிவிட்டு, அவன் வாங்கிக்கொண்டதைச் சம்மதம் என்று எழுதிக்கொள்வதைத்தான் கேள்வி கேட்கிறோம்.

பெங்களூரு தங்கத்தை எடுத்துக்கொண்டது, தக்காளியை எடுத்துக்கொள்கிறது, விடியற்கால ரயிலில் உழைப்பையும் எடுத்துக்கொள்கிறது. கோலாருக்குத் திரும்பி வருவது கழிவு மட்டும். இந்தக் கணக்கு மனத்தில் படிந்துவிட்ட ஆட்சியாளர்களுக்கு, அணுக்கழிவு என்றதும் கோலார் நினைவுக்கு வந்ததில் வியப்பில்லை.

அணு எரிபொருளுக்காகவே தோண்டப்பட்ட மண்ணில் விவசாயம் என்னவாகிறது என்பதைப் பார்க்கத் தொலைவு போக வேண்டாம். கோலாரின் எல்லையைத் தாண்டினால் ஆந்திரம். அங்கே கடப்பா மாவட்டம் வேமுல மண்டலத்தில் தும்மலப்பள்ளி. யுரேனியம் கார்ப்பரேஷன் நிறுவனத்தின் சுரங்கத்துக்கும் ஆலைக்கும் 2007இல் அடிக்கல் நாட்டினார்கள். 2012இல் உற்பத்தி தொடங்கியது. ஆலைக் கழிவைத் தேக்கும் குட்டை கொட்டாலா கிராமத்தின் அருகே இருக்கிறது. வாழையும் சாத்துக்குடியும் நிலக்கடலையும் விளையும் பூமி. சில ஆண்டுகளிலேயே கிணற்று நீரின் நிறம் மாறிவிட்டது, வாழை கருகுகிறது, பாசன மோட்டார் குழாய்களில் வெள்ளைப் படிவம் கட்டுகிறது, ஆடுகள் சாகின்றன, தோலில் அரிப்பு வருகிறது என்று விவசாயிகள் புகார் செய்தனர். குட்டையின் அடித்தளத்தில் நிபந்தனைப்படி கசிவுத் தடுப்புப் பூச்சு இடவில்லை என்று மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே நோட்டீஸ் அனுப்பியது. நிறுவனம் மறுத்தது. அங்கேயும் என்ன விடை வந்தது தெரியுமா? இந்தப் பகுதி நீரில் யுரேனியம் இயற்கையாகவே உண்டு என்பதே. கோலாரில் பொறுப்பற்ற ஆட்சியைக் காப்பாற்றிய அதே சொல், தும்மலப்பள்ளியில் ஆலையைக் காப்பாற்றுகிறது. ஆகவேதான் கோலார் கிணறுகளின் யுரேனிய அளவைக் கிணறுவாரியாக இன்றே பதிவு செய்ய வேண்டும் என்கிறோம். இயற்கை எவ்வளவு வைத்தது என்ற கணக்கு மக்கள் கையில் இருந்தால்தான், நாளை எவனாவது கூட்டியதை நிரூபிக்க முடியும்.

ஜார்க்கண்டின் ஜாதுகோடாவில் 1960களிலிருந்து சந்தால், ஹோ பழங்குடி விவசாயிகள் கழிவுக் குட்டைகளின் ஓரத்தில் நெல் விதைக்கிறார்கள். 2006 டிசம்பரில் அங்கே கழிவுக் குழாய் வெடித்து நச்சுச் சேறு ஓடையில் கலந்தது. வெளியுலகிலும் இதே கதைதான். 1986 செர்னோபில் விபத்துக்குப் பின் பெலாரஸ் நாட்டின் நிலப்பரப்பில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கில் கதிர்வீச்சுப் படிந்தது. ஜப்பானின் ஃபுகுஷிமாவில் 2011க்குப் பின் வயல்களின் மேல்மண்ணைச் சுரண்டிக் கறுப்புப் பைகளில் கட்டினார்கள். தலைமுறை தலைமுறையாக எருவிட்டுப் பக்குவப்படுத்திய மேல்மண் அது. சுமார் 1.4 கோடி கனமீட்டர் மண் இடைக்காலக் கிடங்கில் கிடக்கிறது. 2045க்குள் அதை வேறு மாகாணத்துக்கு மாற்ற வேண்டும் என்பது சட்டம். ஏற்றுக்கொள்ள எந்த மாகாணமும் முன்வரவில்லை. எவனும் விரும்பாத கழிவு இறுதியில் எதிர்க்க வலுவற்றவனின் வாசலைத் தேடிப் போகும். போபால் யூனியன் கார்பைடு ஆலையின் 337 டன் நச்சுக்கழிவை 2025 புத்தாண்டு நாளில் காவல் படை சூழ லாரிகளில் ஏற்றிப் பீதம்பூருக்குக் கொண்டுபோனதை நாம் பார்த்தோம். நாற்பது ஆண்டுகள் கழிந்தும் அக்கழிவுக்கு உரிய கம்பெனி அதைத் தொடவில்லை.

இந்த நேரத்தில் இதையெல்லாம் எழுதக் காரணம் உண்டு. 2047க்குள் அணுமின் திறனை ஒரு லட்சம் மெகாவாட்டாக உயர்த்தப் போவதாக 2025 பிப்ரவரி நிதிநிலை அறிக்கையில் ஒன்றிய அரசு அறிவித்தது. அப்போது இருந்தது 9000 மெகாவாட்டுக்கும் குறைவு. சிறு உலைகளுக்கு 20,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. அணுசக்திச் சட்டத்தையும், 2010ஆம் ஆண்டின் அணுவிபத்து இழப்பீட்டுப் பொறுப்புச் சட்டத்தையும் தனியார் பங்கேற்புக்காகத் திருத்தப் போவதாகவும் அதே அறிக்கை சொன்னது. 2010 சட்டத்தில் உலை வழங்கும் நிறுவனத்தையும் பொறுப்பாக்கும் பிரிவு இடம்பெற்றதற்கு இடதுசாரிகள் நாடாளுமன்றத்துக்கு உள்ளேயும் வெளியேயும் தொடுத்த நெருக்கடியும் ஒரு காரணம். அமெரிக்க நிறுவனங்களின் தொண்டையில் அன்றுமுதல் அது முள்ளாகச் சிக்கியிருந்தது. முள்ளை எடுத்துவிட்டால் இலாபம் அதானிகளுக்கும் அந்நிய நிறுவனங்களுக்கும் போகும். கழிவு பொதுச் சொத்தாகும். கூடங்குளம் வழக்கின் தீர்ப்பிலேயே, 2013 மே 6 அன்று, ஆழ்நிலக் கிடங்கை விரைவில் அமைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இன்றுவரை இடம் அறிவிக்கப்படவில்லை. எரிபொருளை மறுசுழற்சி செய்கிறோம், மிஞ்சும் கழிவு குறைவு, அதைக் கண்ணாடியாக உருக்கிப் பத்திரமாக வைத்திருக்கிறோம், அவசரமில்லை என்று அணுசக்தித் துறை சொல்கிறது. 9000 மெகாவாட்டுக்கு அந்த வாதம் செல்லலாம். ஒரு லட்சத்துக்குச் செல்லுமா? பத்து மடங்குக்கும் மேலான கழிவுக்கு ஒருநாள் குழி தேட வேண்டியிருக்கும். தேடும்போது ‘கைவிடப்பட்ட’ என்ற சொல் மீண்டும் கோப்பிலிருந்து எழுந்து வரும்.

நம் அணிகளிலேயே சில தோழர்கள் இதைத் தன்னார்வக் குழுக்களின் பிரச்சினை என்று ஒதுக்குகிறார்கள். கூடங்குளம் குறித்து இடதுசாரிகளிடையே ஒரே கருத்து இருந்ததில்லை. மின்சாரம் இல்லாமல் தொழில் வளர்ச்சி இல்லை என்ற வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது என்பதும் உண்மை. ஆனால் அணுமின்சாரம் வேண்டுமா என்ற விவாதத்தில் எந்தப் பக்கம் நிற்பவரும், கழிவை யார் தலையில் இறக்குவது என்ற கேள்வியில் ஒரே பக்கம் நிற்க வேண்டும். அது வர்க்கப் பிரச்சினை. கோலார் கிராமத்தில் நூறு நாள் வேலைக்குப் போகும் பெண் குடிக்கும் நீர் கூலியைப் போலவே உழைப்புச் சுரண்டலின் கணக்கில் சேர்ந்ததுதான். மற்றொரு புறம், கோலார் யுரேனியத்தை அணுக்கழிவோடு முடிச்சுப்போட்டுப் பீதி கிளப்புவோரையும் நாம் மறுக்க வேண்டும். பீதி பரவினால் அந்த ஊர்த் தக்காளியை மண்டிக்காரன் பாதி விலைக்குக் கேட்பான். நட்டம் மறுபடியும் விவசாயிக்கே. செடி நீரிலிருந்து உறிஞ்சும் யுரேனியம் குறைவு. பெரும்பங்கு உடலுக்குள் போவது குடிநீர் வழியாகத்தான். இதை ஊர்க்கூட்டத்தில் உரக்கச் சொல்லும் துணிவு நமக்கு வேண்டும்.

2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை, அந்த 13 சயனைடு மேடுகளைத் தோண்டி மிச்சத் தங்கத்தை எடுக்கும் ஒன்றிய அரசின் திட்டத்துக்கு இசைவு தந்தது. ஏலம் எடுக்கும் நிறுவனம் தூளை மீண்டும் கரைத்துத் தங்கத்தைக் கொண்டுபோகும். அதன் பிறகு நிற்கப்போகும் மூன்று கோடி டன் சேற்றுக்கு யார் பொறுப்பு என்பதை ஒப்பந்தத்தில் எழுத வைப்பதே உடனடி வேலை. தோண்டும் காலத்தில் பறக்கும் தூசிக்கும், ஓடைகளில் இறங்கும் நீருக்கும், முன்னாள் தொழிலாளர் குடும்பங்களின் வீட்டுரிமைக்கும் அதே ஒப்பந்தத்தில் வரி வேண்டும். மேடுகளின் அடிவாரக் கிராமங்களிலும் தங்கவயலின் லைன் வீடுகளிலும் தொழிற்சங்கமும் விவசாயிகள் சங்கமும் கூட்டாகக் கூட்டம் போட வேண்டும். தனித்தனியாகப் போட்டால் நிறுவனம் ஒருவரை வைத்து மற்றவரை மடக்கிவிடும். பஞ்சாயத்துக்குட்பட்ட ஒவ்வொரு ஆழ்துளைக் கிணற்று நீரையும் ஆண்டுக்கு இருமுறை, மழைக்கு முன்னும் பின்னும், அரசுச் செலவில் சோதிக்க வேண்டும் என்று கிராமசபையில் தீர்மானம் கொண்டுவர வேண்டும். அங்கே வீட்டில் தெலுங்கும் சந்தையில் கன்னடமும் தங்கவயலில் தமிழும் பேசுகிறார்கள். கிணற்றின் எண்ணும், ஆழமும், யுரேனியம், ஃபுளோரைடு அளவும் மூன்று மொழிகளிலும் பஞ்சாயத்து அலுவலகச் சுவரில் எழுதப்பட வேண்டும். மொழிபெயர்க்க ஆளில்லை என்று அதிகாரி சொன்னால், நம்மிடம் இருக்கிறார்கள்.